கல்யாணப் பத்திரிகையில் ண, ஞ அடைத்துப்போவது: மன்னார்குடி நண்பருக்கு

மஞ்சள் அட்டையில் சிவப்பு மையில் அச்சடித்த கல்யாணப் பத்திரிகையில் ண, ஞ, இ எழுத்துகளின் சுழிக்குள் மை அடைத்துவிட்டது என்கிறீர்கள். அச்சகத்தின்மேல் பழி போடாதீர்கள். வேர்டில் சாதா எழுத்தை 'பி' பட்டனால் தடிமனாக்கியதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள், கோளாறு அங்கேதான். தனியாக போல்ட் (தடித்த) வடிவம் இல்லாத எழுத்துருவில் அந்தப் பட்டன் கோட்டைச் செயற்கையாகப் பருக்கவைக்கும், சுழியின் துளை சுருங்கும். பளபளப்பில்லாத அட்டை மையை இழுத்துப் பரப்பி மிச்சத்தையும் மூடிவிடும்.

நோட்டோ செரிஃப் தமிழ் என்ற எழுத்துரு இலவசம், அதிலேயே 100 (மெல்லியது) முதல் 900 (மிகத் தடித்தது) வரை தடிமன்கள் உண்டு. மணமக்கள் பெயர் மட்டும் 700, 24 பாயின்ட். முகூர்த்தம், மண்டபம் 500, 13 பாயின்ட், எழுத்திடைவெளி 0.3 பாயின்ட் கூட்டுங்கள். 900 போஸ்டருக்குத்தான். பாமினி என்ற பழைய, யூனிகோடு அல்லாத எழுத்துருவில் அடித்திருந்தால் முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள், இல்லையென்றால் குப்பையாக வரும். பிடிஎஃபில் எழுத்துருவை உட்பொதித்து அனுப்பி, அதே அட்டையில் ஒரு புரூஃப் (மாதிரி அச்சு) கேளுங்கள்.