டெக்னாலஜி சமூகத்தை மாத்துதா, இல்ல சமூகம்தான் டெக்னாலஜியை மாத்துதா?

ரெண்டும்தான்னு ஒத்தை வரியில முடிச்சிடலாம், ஆனா அது ஒண்ணும் சொல்லாததுக்குச் சமம். நான் மொபைல் நெட்வொர்க்ல மெசேஜிங் பக்கம் வேலை பார்க்கிறவன், அதனால எனக்கு நல்லா பழக்கமான ஒரு சின்ன விஷயத்தை வச்சே பதில் சொல்றேன். எஸ்எம்எஸ்ல ஏன் 160 எழுத்து?

1985 வாக்குல ஜெர்மனியில ஃப்ரீடெல்ம் ஹில்லபிராண்ட்னு ஒருத்தர், ஜிஎஸ்எம்ங்கற மொபைல் நெட்வொர்க் தரநிலைக்கு வேலை பார்த்தவங்கள்ல முக்கியமானவர், டைப்ரைட்டர் முன்னாடி உக்காந்து மனசுக்குத் தோணின வாக்கியங்களை அடிச்சு அடிச்சு எழுத்தையும் இடைவெளியையும் எண்ணிப் பார்த்தாரு. அனேகமா எல்லாமே 160-க்குள்ள அடங்கிடுச்சு. போஸ்ட் கார்டுல ஜனங்க எவ்வளவு எழுதுறாங்கன்னும் பார்த்தாங்க, அதுவும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். இன்னொரு பக்கம், கால் இணைக்கிறதுக்காக நெட்வொர்க் தனக்குள்ளயே பேசிக்கிற சிக்னலிங் சேனல் ஒண்ணு இருக்கு, அதுல சும்மா கிடக்குற இடத்துலதான் இந்த மெசேஜ் போகணும், அதுல கிடைச்சது 140 பைட். பிட்னா ஒரு 0 இல்ல 1, எட்டு பிட் சேர்ந்தா ஒரு பைட், ஆக 140 பைட்னா 1120 பிட். ஒரு எழுத்துக்கு 7 பிட்னு வச்சா அதுல கரெக்டா 160 எழுத்து வந்துடும்.

இங்கதான் விஷயமே இருக்கு. 7 பிட்டை வச்சு 128 விதமான எழுத்தைத்தான் குறிக்க முடியும், அதாவது மொத்தம் 128 இடம். அந்த 128-ல யாருக்கு இடம் கிடைச்சதுன்னு பாருங்க: ஆங்கில எழுத்து, எண்கள், மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கு வேணும்கிற சில எழுத்துகள், அப்புறம் கிரேக்கத்துல பெரிய எழுத்து மட்டும், அதுவும் ஆங்கில எழுத்து மாதிரியே இருக்குறதை விட்டுட்டு மிச்சம். அவ்வளவுதான், இடம் தீர்ந்து போச்சு. தமிழ், அரபி, சீனம், ரஷ்யன் எல்லாம் எழுத்துக்கு 16 பிட் எடுக்குற முறையில போகணும், அப்போ அதே 140 பைட்ல 70 எழுத்துதான் கொள்ளும். நமக்கு புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனியா கணக்கு, அதனால 70-ங்கறது உண்மையில இன்னும் கம்மி.

யாரும் கெட்ட எண்ணத்துல செஞ்சதில்ல. ஆனா விளைவு என்னாச்சுன்னா, உலகம் முழுக்க ஒரு தலைமுறையே தன் மொழியை அடுத்தவங்க எழுத்துல எழுதப் பழகிடுச்சு. கிரேக்கத்துக்காரங்க லத்தீன் எழுத்துல எழுதினாங்க. அரபி பேசுற பசங்க ஆங்கிலத்துல இல்லாத ஒலிகளுக்கு எண்களையே எழுத்தாக்கிட்டாங்க, ஐன் எழுத்துக்கு 3, ஹா-வுக்கு 7. நாம தமிழை ஆங்கில எழுத்துல அடிச்சோம். போன்ல ஃபான்ட் இல்ல, கீபோர்ட் இல்லங்கற காரணங்களும் சேர்ந்துதான் இது நடந்துச்சு, மெசேஜ் அளவு மட்டும் காரணம்னு சொல்ல மாட்டேன், ஆனா நம்ம மொழியில அடிச்சா ரெண்டு மெசேஜ் காசு, ஆங்கில எழுத்துல அடிச்சா ஒண்ணுன்னா யாரு எதை எடுப்பாங்க? பின்னாடி தரநிலையில துருக்கி, இந்திய மொழிகளுக்கெல்லாம் தனி எழுத்து அட்டவணை சேர்த்தாங்க, தமிழுக்கும் இருக்கு. அதுக்குள்ள பழக்கம் விரல்ல ஊறிடுச்சு. இன்னிக்கு நல்ல தமிழ் கீபோர்ட் இலவசமா கிடைக்குது, அப்பவும் எத்தனை பேர் ஆங்கில எழுத்துலயே தமிழ் அடிக்கிறாங்கன்னு உங்க போனைத் திறந்தாலே தெரியும்.

இது பழைய கதைன்னு நினைக்காதீங்க, வேலையில நான் தினமும் பார்க்கிறது. கஸ்டமர்களுக்கு அனுப்ப 150 எழுத்துல ஆங்கில மெசேஜ் ஒண்ணு எழுதுறாங்க, ஒரே மெசேஜ்ல போயிடணும். ஆனா வேர்ட்ல இருந்து காப்பி பண்ணப்போ வளைஞ்ச மேற்கோள் குறி ஒண்ணு கூடவே வந்துடும். அது அந்த 128-ல இல்ல. அந்த ஒரு குறிக்காக முழு மெசேஜுமே 16 பிட்டுக்கு மாறிடும், பல துண்டா போகும்போது ஒவ்வொரு துண்டுக்கும் 67 எழுத்துதான், ஆக மூணு மெசேஜ், மூணு மடங்கு பில். இதுக்குப் பயந்தே எழுதுறவங்க இமோஜியைத் தொட மாட்டாங்க, சிலர் தாய்மொழியையும் தொட மாட்டாங்க. அதைத்தான் என்னால சாதாரணமா எடுத்துக்க முடியல.

அந்த 160 அங்கயே நிக்கவும் இல்ல. 2006-ல வந்த ட்விட்டர்ல, எஸ்எம்எஸ்ல அடங்கணும்னு பேருக்கு 20 எழுத்து ஒதுக்கிட்டு மிச்சம் 140-ஐ வச்சாங்க. அரசியல் தலைவர்கள் பேசுறது, செய்தி வர்றது, சண்டை போடுறது எல்லாம் அந்த அளவுக்குள்ள சுருங்குச்சு. 2017-ல 280 ஆக்குறதுக்கு முன்னாடி அவங்களே ஒரு கணக்கு வெளியிட்டாங்க, ஆங்கில ட்வீட்ல 9 சதவீதம் அந்த வரம்பை முட்டுது, ஜப்பானியத்துல 0.4 சதவீதம்தான். ஜப்பானியத்துல ஒவ்வொரு எழுத்தும் அதிக விஷயத்தைத் தாங்கும், அதனால அங்க 140-ங்கறதே தாராளம். ஒரே விதி, ஆனா ரெண்டு மொழிக்காரங்களுக்கு ரெண்டு விதமான அனுபவம்.

சரி, சமூகம் டெக்னாலஜியை மாத்தினதே இல்லையா? நிறைய மாத்தியிருக்கு. ஒலியைப் பதிவு பண்ணித் திரும்பக் கேக்க வைக்கிற ஃபோனோகிராஃபை எடிசன் 1877-ல செஞ்சப்போ அதோட முதல் பயன்னு சொன்னது ஆபீஸ் கடிதத்தை வாயால சொல்லிப் பதிவு பண்றது, ஜனங்க அதைப் பாட்டுக் கேக்குற பெட்டியாக்கிட்டாங்க. எஸ்எம்எஸ்ஸும் அப்படித்தான், முதல் மெசேஜ் 1992 டிசம்பர் 3-ல போச்சு, அப்போ அதை வாய்ஸ்மெயில் வந்திருக்குன்னு தகவல் சொல்றதுக்குன்னுதான் பெரும்பாலும் நினைச்சாங்க. அதை நட்புக்கும் காதலுக்கும் சண்டைக்கும் எடுத்துக்கிட்டது சாதாரண ஜனங்க. எனக்கு ரொம்பப் பிடிச்சது காது கேளாதவங்க அதை எடுத்துக்கிட்ட விதம். டெலிபோனுக்கு 1876-ல காப்புரிமை வாங்கின கிரஹாம் பெல்லோட மனைவிக்கு காது கேக்காது, பெல்லோட அம்மாவுக்கும் காது சரியா கேக்காது. அவர் கண்டுபிடிச்ச போன் அவர் வீட்டு ஆட்களுக்கே பயன்படாத ஒண்ணு. நூறு வருஷத்துக்கு மேல கழிச்சு, மிச்சமிருந்த 140 பைட்ல அந்த போன் அவங்க மாதிரி ஆளுங்களுக்கும் போன் ஆச்சு, பக்கத்துல ஒருத்தரை வச்சுக்காம தன் விஷயத்தைத் தானே பேசிக்க முடிஞ்சது.

அதனால என் பதில்: ரெண்டும் நடக்குது, ஆனா சரிசமமா இல்ல. முதல் அளவை யாரோ நாலஞ்சு பேர் முடிவு பண்றாங்க, மிச்சப் பேர் அதுக்குள்ள வழி கண்டுபிடிக்கிறோம். அந்த முடிவு எடுக்குறப்போ நம்ம மொழி தெரிஞ்ச ஆள் அங்க இருந்தாங்களாங்கறதுதான் பெரிய வித்தியாசம். இப்போ ஏஐ-லயும் இதேதான் ஓடிட்டிருக்கு. அது எழுத்தை டோக்கன்னு துண்டு துண்டா உடைச்சுத்தான் படிக்கும், காசும் பெரும்பாலும் டோக்கன் கணக்குலதான். அந்தத் துண்டு போடுற முறை ஆங்கிலம் நிறைஞ்ச டேட்டாவுல பழகினது, அதனால ஒரே விஷயத்தைத் தமிழ்ல கேட்டா பொதுவா அதிக டோக்கன் ஆகும். புது மாடல்கள்ல கொஞ்சம் குறைஞ்சிருக்கு, இன்னும் சமமாகல.

ஆனா முடிவு எடுக்குற இடத்தோட கதவு எல்லா இடத்துலயும் பூட்டிக் கிடக்கல. உலக மொழிகளோட எழுத்துகளுக்கும் இமோஜிகளுக்கும் கம்ப்யூட்டர்ல எண் ஒதுக்குற பொதுத் தரநிலைதான் யூனிகோட், அதுக்கு யார் வேணும்னாலும் முன்மொழிவு அனுப்பலாம். பெர்லின்ல இருந்த 15 வயசு சவுதிப் பொண்ணு ஒருத்தி 2016-ல ஹிஜாப் போட்ட பொண்ணோட இமோஜி வேணும்னு எழுதி அனுப்பினா, அடுத்த வருஷமே அது போன்ல வந்துச்சு. நம்ம பழைய தமிழ்ப் பின்னக் குறிகள், அளவைக் குறிகள் எல்லாம் 51 எழுத்தா 2019-ல யூனிகோடுல சேர்ந்ததும் இதே மாதிரி ஆர்வலர்கள் உக்காந்து ஆதாரம் தேடி எழுதினதாலதான். உங்க மொழியில ஏதாவது எழுத்தோ குறியோ விடுபட்டிருந்தா, முன்மொழிவு எப்படி எழுதணும்னு யூனிகோட் தளத்துலயே போட்டிருக்காங்க, படிச்சுப் பாருங்க. எழுதுறப்போ சந்தேகம் வந்தா கமெண்ட்ல கேளுங்க, தெரிஞ்ச வரைக்கும் உதவுறேன்.