நீண்ட தூர விமானத்தில் கூடுதல் பணம் கொடுத்து மேல் வகுப்பு எடுக்கலாமா?

பயணம் எத்தனை மணி நேரம் என்பதைவிட, விமானம் எப்போது கிளம்புகிறது என்பதுதான் முக்கியம். இரவில் கிளம்பி காலையில் இறங்கி, அன்றே வேலை பார்க்க வேண்டுமென்றால் பிசினஸ் வகுப்புப் படுக்கைக்குக் கொடுக்கும் காசு வீண் போகாது. பகல் பயணத்துக்கு அது தேவையே இல்லை. கட்டண வித்தியாசத்தை, நிஜமாகத் தூங்கப்போகும் மணி நேரத்தால் வகுத்துப் பாருங்கள். 8 மணி நேரப் பயணத்தில் சாப்பாடு, விமானம் ஏறுவது, இறங்குவதெல்லாம் போக 5 மணி நேரத் தூக்கம் மிஞ்சினாலே பெரிது.

எகானமிக்கும் பிசினஸுக்கும் நடுவில் இருக்கும் பிரீமியம் எகானமியில் படுக்கை கிடையாது. ஆனால் எகானமியில் 31, 32 அங்குலமாக இருக்கும் வரிசை இடைவெளி இதில் சுமார் 38 அங்குலம். முன்னால் இருப்பவர் சாய்ந்தாலும் முழங்கால் இடிக்காது. உயரமானவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

பணம் கட்டுமுன் இருக்கை வரைபடத்தைக் கட்டாயம் பாருங்கள். பிசினஸில் 1-2-1 (ஒரு வரிசையில் ஜன்னலோரம் ஒவ்வொன்று, நடுவில் இரண்டு இருக்கை) என்றால் எல்லோருக்கும் நடைபாதை உண்டு. 2-3-2 என்றால் ஜன்னலோரத்தில் இருப்பவர், பக்கத்தில் தூங்குபவரின் காலைத் தாண்டித்தான் கழிப்பறைக்குப் போக வேண்டும். சில பழைய விமானங்களில் படுக்கை முழுக்கச் சமமாகாமல் சரிவாக நிற்கும். உடம்பு வழுக்கிக்கொண்டே இருக்கும். இணைப்பு விமானம் இருந்தால் இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். ஒன்றில் படுக்கை, இன்னொன்றில் வெறும் அகல இருக்கை என்று அமைவது சகஜம்.

ஏலத்தில், அதாவது இவ்வளவு தருகிறேன் என்று நீங்களே ஒரு தொகை சொல்லி வகுப்பு உயர்த்தக் கேட்டால், அந்தத் தொகை பெரும்பாலும் ஒரு ஆளுக்கு, ஒரு வழிக்கு மட்டும். முன்பே கட்டிய இருக்கைத் தேர்வுக் கட்டணம் திரும்ப வருமா என்பதையும் விதிகளில் படித்துவிடுங்கள்.