கௌதமன் நம்ம ஊர்ப் பேச்சு பேசட்டும்

கேள்வி: எங்கள் வாசகர் வட்டத்தில் பன்னிரண்டு பேர் சேர்ந்து காளிதாசனின் ‘மாளவிகாக்னிமித்திரம்’ நாடகத்தைத் தமிழில் போட நினைக்கிறோம். “சாகுந்தலம் போடுங்கள், இதை யாருக்குத் தெரியும்?” என்கிறார் ஒரு நண்பர். இரண்டு மனைவி உள்ள ராஜா ஒரு பணிப்பெண் பின்னால் அலைகிற கதைக்கு இன்று யாராவது சிரிப்பார்களா என்றும் பயமாக இருக்கிறது. போடலாமா?
- வாசகர், தக்கலை

பதில்: தாராளமாகப் போடுங்கள், தம்பி. உங்கள் நண்பர் கேட்டதை நாடகத்தின் தொடக்கத்திலேயே ஒருவன் கேட்டுவிடுகிறான். பாசன், சௌமில்லன், கவிபுத்திரன் என்று பேர்போனவர்கள் இருக்க, இப்போது எழுதுகிற காளிதாசன் எதற்கு என்கிறான். பழசு என்பதற்காக எல்லாம் நல்லதில்லை, புதுசு என்பதற்காக எதுவும் மட்டமில்லை என்கிறான் நாடகத்தைத் தொடங்கிவைக்கிற சூத்திரதாரி. அந்தக் காட்சியை வெட்டாதீர்கள். கேள்வி கேட்கிற வேஷத்தை அந்த நண்பருக்கே கொடுத்துவிடுங்கள்!

நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது பேச்சைப் பற்றி. மூலத்தில் ராஜா பேசுவது சமஸ்கிருதம். ராணிகளும் பணிப்பெண் மாளவிகாவும் ராஜாவின் கோமாளித் தோழனான விதூஷகன் கௌதமனும் பேசுவது பேச்சுவழக்கை ஒட்டிய பிராகிருதம். எல்லோரையும் ஒரே செந்தமிழில் பேசவைத்தால் பாதிச் சிரிப்பு செத்துப்போகும். ராஜா எழுத்துத் தமிழிலேயே உருகட்டும், மற்றவர்கள் நம்ம ஊர்ப் பேச்சு பேசட்டும். ஒழுகினசேரியில் பிறந்த என்.எஸ். கிருஷ்ணன் நாடகக் கம்பெனி வழியாக வந்தவர்தானே. நகைச்சுவை நம் மண்ணுக்குப் புதிதா என்ன?

நான்காம் அங்கத்துக்கு ஒத்திகை நாளில் பாதியைக் கொடுக்கலாம். மூத்த ராணி தாரிணி மாளவிகாவை நிலவறையில் அடைத்துவிடுகிறாள். தன் முத்திரை மோதிரத்தைக் காட்டினால்தான் கதவு திறக்கும் என்று உத்தரவு. கௌதமன் தாழை முள்ளால் விரலைக் குத்திக்கொண்டு, “எக்க அம்மோ, பாம்பு கொத்திட்டு!” என்று ஓடிவருகிறான். விஷம் இறக்க நாக உருவம் பதித்த பொருள் வேண்டுமாம். ராணியின் மோதிரத்தில்தான் நாகம் இருக்கிறதே! பதறிப்போய்க் கழற்றிக் கொடுக்கிறாள், கதவு திறந்துவிடுகிறது. பிறகு அவன் தூக்கத்தில் உளற, ஒருத்தி கோணல் கம்பு ஒன்றை மேலே போடுகிறாள். இப்போது நிஜமாகவே பாம்பென்று அலறுகிறான். இரண்டு அலறலும் வேறு வேறு மாதிரி இருக்க வேண்டும். ஓடைக்கரைத் தாழை மடலை வெட்டிக்கொண்டு வந்துவிடாதீர்கள். நான் ஒருமுறை அப்படிச் செய்து நடிகரின் வேட்டி கிழிந்தது. துணியில் செய்தால் போதும்.

ராஜா விஷயம். அவருக்குப் போர்க்களம் போகிற வயதில் மகன் இருக்கிறான். அதனால் இருபத்தைந்து வயது அழகரைத் தேடாமல் நரை விழுந்தவரைப் போடுங்கள். சபை அவரோடு சேர்ந்து சிரிக்காது, அவரைப் பார்த்துச் சிரிக்கும். இளைய ராணி இராவதி இடுப்பில் அணிந்த மேகலையைக் கழற்றி ராஜாவை அடிக்க ஓங்குகிற காட்சியில் கைதட்டல் நிச்சயம். கடைசியில் மாளவிகா இளவரசி என்று தெரிந்து, தாரிணியே அவளை ராஜாவிடம் ஒப்படைக்கிறாள். அந்த இடத்தில் தாரிணி சற்று நேரம் பேசாமல் நிற்கட்டும். உங்களிடம் இருக்கிற நல்ல நடிகைகள் இந்த இரண்டு ராணிகளுக்குத்தான்.

மாளவிகாவுக்குப் பரதம் கற்ற பெண் வேண்டும், ஒரு பாட்டுக்கு ஆடினால் போதும். பத்மநாபபுரம் அரண்மனை உங்களுக்குப் பக்கம்தானே. அங்கே நாடகசாலையில் அரண்மனைக்காரர்கள் மறைவாக உட்கார்ந்து பார்க்கத் துளைகள் வைத்த மர அடைப்பு உண்டு. ஒளிந்து பார்ப்பது நிறைய வருகிற நாடகம் இது. ஒரு மூங்கில் தட்டி வைத்து அதே வித்தையைச் செய்யலாம்.

அப்புறம் அசோகமரம். நாடகத்தில் மாளவிகாவின் கால் பட்டுப் பூக்கிற மரம், நாம் அசோகமரம் என்று சொல்லிக்கொண்டு மதில் ஓரம் நடுகிற நெட்டிலிங்கம் இல்லை. கொத்துக்கொத்தாகச் செம்மஞ்சள் பூ பூக்கிற வேறு மரம். காகிதப் பூ போதும்.

திறந்தவெளி என்றால் இரண்டு பருவமழையும் நம் கன்னியாகுமரி மாவட்டத்தை விடாது, பிப்ரவரி வாக்கில் வையுங்கள். ஊர்ப் பேச்சு என்றதும் விளவங்கோட்டுப் பேச்சா, நாஞ்சில்நாட்டுப் பேச்சா என்று ஒத்திகையில் சண்டை வரும். கௌதமனாக வருபவர் தன் வீட்டில் எப்படிப் பேசுவாரோ அப்படியே பேசட்டும்.