கீறல் விழுந்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கைத்துப்பாக்கியை வீட்டிலேயே புதுப்பிக்கலாமா?

கேள்வி: உரிமத்துடன் நான் வைத்திருக்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கைத்துப்பாக்கியின் பக்கவாட்டில், உறையில் உரசி உரசிக் கீறல்கள் விழுந்துள்ளன, விளிம்பில் பழுப்புப் புள்ளிகளும் தெரிகின்றன. இதை வீட்டிலேயே சரிசெய்ய இயலுமா? மேலே ஏதேனும் பூச்சு பூச வேண்டுமா?

பதில்: இயலும், பூச்சு தேவையில்லை. நீங்கள் பார்க்கும் தோற்றம் எஃகின் மேற்பரப்பில் ஒரே திசையில் இழுக்கப்பட்ட நுண்ணிய கோடுகளால் ஆனது என்பதால், அந்தக் கோடுகளை அதே திசையில் மீண்டும் இழுத்துவிட்டால் கீறல்கள் அவற்றுள் மறைந்துவிடும்.

முதலில் தோட்டாக்கள் அடுக்கிய மேகசினைக் கழற்றி, அதன் பிறகு துப்பாக்கியின் மேலே முன்னும் பின்னும் நகரும் பாகமான ஸ்லைடை இழுத்து, குழலின் அறையில் தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்துகொண்டு, தோட்டாக்களை வீட்டின் வேறோர் அறையில் வைத்துவிட்டே பாகங்களைப் பிரியுங்கள். அடுத்து, தேய்க்கவிருக்கும் ஒவ்வொரு பாகத்திலும் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். துப்பாக்கிகளுக்குப் பயன்படும் 416, 17-4 போன்ற எஃகு வகைகளில் காந்தம் ஒட்டும். ஒட்டாத பிடிச்சட்டம் பெரும்பாலும் வெள்ளிநிறம் ஏற்றப்பட்ட அலுமினியமாகவே இருக்கும். அதைத் தேய்த்தால் அனோடைஸ் செய்த (மின்வேதி முறையில் உருவாக்கிய) காப்புப் படலம் போய்விடும், அதை வீட்டில் மீட்க வழியில்லை.

எண்ணெய்ப் பிசுக்கை அசிட்டோனால் துடைத்தபின், மெல்லிய கீறல்களுக்குச் சாம்பல்நிற நைலான் தேய்ப்புப் பட்டையே போதும். மெரூன் நிறப் பட்டை சற்று முரடானது. நகத்தில் தட்டுப்படும் ஆழமான கீறலுக்கு மட்டும், 320 எண் நீர் உப்புத்தாளைத் தட்டையான மரத்துண்டில் சுற்றி, ஸ்லைடின் முழு நீளத்துக்கும் ஒரே இழுப்பாக இழுத்து, பின்னர் 400-க்கு மாறுங்கள். விரலால் அழுத்தித் தேய்த்தால் அங்கே பள்ளம் விழும். வட்டமாகத் தேய்த்தால் எந்த வெளிச்சத்திலும் அது காட்டிக்கொடுக்கும். மெருகேற்றும் மின்சாரப் பஃபிங் சக்கரத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன்: கூரிய விளிம்புகளையும் பொறித்த எழுத்துகளையும் அது நொடியில் மழுக்கிவிடும்.

வரிசை எண், முத்திரைகள், குறிபார்க்கும் பாகங்கள் ஆகியவற்றை டேப் ஒட்டி மூடிவிடுங்கள். வரிசை எண் தேய்ந்தால் அது சட்டச் சிக்கலும்கூட. ஸ்லைடு ஓடும் தடங்கள், குழலின் உட்புறம், டிரிக்கர் பாகங்கள் ஆகியவற்றை அறவே தொடக் கூடாது. ஸ்லைடின் மேற்பகுதி மணிவீச்சால் (நுண்மணிகளை வேகமாக வீசும் முறையால்) மங்கலாக்கப்பட்டிருந்தால், கைத்தேய்ப்பில் அந்தத் தோற்றம் வராது. அதையும் மூடிவைப்பதே நல்லது.

பழுப்புப் புள்ளிகளைப் பொறுத்தவரை, சமையல் பாத்திரங்களுக்குரிய 304 வகையில் ஏறத்தாழ 18 விழுக்காடு குரோமியம் இருக்க, 416 வகையில் இருப்பது 12 முதல் 14 விழுக்காடுதான் என்பதோடு, எளிதாகக் கடைவதற்காகக் கந்தகமும் சேர்க்கப்படுவதால், வியர்வையின் உப்பு பட்ட இடத்தில் அது துருப்பிடிக்கவே செய்யும். மேலோட்டமான துரு எண்ணெய் தொட்ட நைலான் பட்டைக்கே போய்விடும். இரும்புக் கம்பளியைப் பயன்படுத்தாதீர்கள். அதன் துகள்கள் மேற்பரப்பில் பதிந்து புதிய துருவுக்கு வித்திடும். குளோரின் கலந்த வெளுப்பான்களும் வேண்டாம்.

தேய்த்து முடித்ததும் இடுக்குகளில் சிக்கிய பொடியைக் கரைப்பானால் முழுமையாகக் கழுவி, உலர்த்தி, மெல்லிய எண்ணெய்ப் பூச்சிட்டுப் பொருத்துங்கள். பிறகு தோட்டா இல்லாமலேயே ஸ்லைடின் ஓட்டத்தையும் பாதுகாப்பு விசையையும் சோதியுங்கள். எங்கேனும் கரகரப்புத் தென்பட்டால் மீண்டும் பிரித்துக் கழுவ வேண்டும்.