பீட்டில் காரின் குரோம் குழி விழுந்துவிட்டது, ஆசிடில் முக்கினால் சரியாகுமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் அப்பா விட்டுப்போன 1967 ஃபோக்ஸ்வாகன் பீட்டிலை வைத்துக்கொண்டு கேட்கிறீர்கள். பம்பரில் பழுப்புப் புள்ளி, கதவுக் கைப்பிடியில் கொப்புளம். பக்கத்து வீட்டு அண்ணன் பூல் ஆசிடில் முக்கி எடுத்தால் போதும் என்கிறார்.

அந்த கேனை முதலில் மூடி வையுங்கள். நீச்சல்குளத்துக்கு ஊற்றும் அந்த ஆசிட் ஹைட்ரோகுளோரிக் அமிலம். துருவைத் தின்னும், அது உண்மை. ஆனால் குரோமையும் சேர்த்துத் தின்னும். கதவுக் கைப்பிடி துத்தநாக வார்ப்பு. அதில் பட்டால் நுரை பொங்கி உலோகமே கரைந்துபோகும். கேன் சரியாக மூடாமல் கராஜில் கிடந்தாலே, அந்த ஆவியில் உங்கள் ஸ்பேனர் செட் முழுக்கத் துருவேறிவிடும்.

குரோம் பூச்சில் குரோம் இருப்பது மிகக் கொஞ்சம், கால் மைக்ரானிலிருந்து அரை மைக்ரான் வரைதான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதற்கு அடியில் 20, 30 மைக்ரான் நிக்கல். பல பாகங்களில் அதற்கும் கீழே செம்பு. கண்ணாடி மாதிரி மின்னுவது நிக்கல். அது மங்காமல் காப்பதும் அந்த நீலச் சாயலைத் தருவதும் குரோம். இவ்வளவு மெல்லிய குரோமில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் இருந்தே தீரும். உப்பு ஈரம் அதன் வழியே இறங்கி, நிக்கலில் ஒரு துளை கிடைத்ததும் அடி உலோகத்தைத் தொட்டுவிடுகிறது. இரும்பும் துத்தநாகமும் நிக்கலைவிட எளிதில் அரிபடுபவை என்பதால், மேலே ஊசிமுனை அளவு ஓட்டை தெரியும்போதே உள்ளே குழி அகன்றிருக்கும். டர்பனின் ப்ளஃபிலும் இசிபிங்கோவிலும் கடற்காற்று படும்படி நிற்கும் கார்களின் குரோம், ஜோகன்னஸ்பர்க் கார்களுடையதைவிடச் சீக்கிரம் கெடுவது இதனால்தான்.

ஆகவே எந்தப் பாகம் எந்த உலோகம் என்று தெரியாமல் எதிலும் கை வைக்காதீர்கள். ஒரு காந்தம் போதும். பம்பர், வீல் கேப், ஹெட்லைட் வளையம் மூன்றிலும் நன்றாக ஒட்டும், அவை இரும்பு. கைப்பிடியில் ஒட்டாது, ஒட்டினாலும் நிக்கலால் லேசாக இழுக்கும், அவ்வளவுதான். தூக்கிப் பார்த்தால் கனமாக இருக்கும், கொப்புளத்தைக் குண்டூசியால் குத்தினால் வெள்ளைப் பொடி உதிரும். அதுதான் துத்தநாகம். பாடியின் பக்கவாட்டில் ஓடும் பட்டையில் காந்தம் ஒட்டவே ஒட்டாது, எடையும் இருக்காது. அது அனோடைஸ் செய்த, அதாவது மேலே ஆக்சைடு படலம் ஏற்றிய அலுமினியம், குரோமே இல்லை. அதற்கு முலாம் பட்டறையும் தேவையில்லை. காரிலிருந்து கழற்றி, திறந்தவெளியில் காஸ்டிக் சோடா உள்ள ஓவன் (அடுப்பு) கிளீனரைத் தடவி, சில நிமிடத்தில் அனோடைஸ் படலம் கரைந்ததும் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, 400, 800, 1500 எமரித் தாளை வரிசையாகத் தண்ணீரோடு தேய்த்து பாலிஷ் போட்டால் போதும். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு செய்யுங்கள். காஸ்டிக்கைக் காரின் பெயின்ட் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

பம்பரை, பட்டறைக்குக் கொண்டுபோகும் முன் வீட்டில் ஒரு முறை சுத்தம் செய்து பாருங்கள். சமையல் அலுமினியத் தாளைக் கசக்கி, பாத்திரம் கழுவும் சோப் இரண்டு சொட்டு விட்ட தண்ணீரில் நனைத்து, அழுத்தாமல் தேயுங்கள். அலுமினியம் குரோமைவிட மிருதுவானது, கீறல் விழாது. துரு மட்டும் கிளம்பி வரும். பழுப்புச் சேறு வழிவதைத் துடைத்துத் துடைத்துத் தேய்க்க வேண்டும். பிறகு ஆட்டோசால் மாதிரி ஒரு மெட்டல் பாலிஷ், அதன் மேல் வாக்ஸ். இப்போது விரல் நகத்தை அந்த இடத்தில் ஓட்டுங்கள். நகம் சிக்காமல் கரும்புள்ளி மட்டும் தெரிந்தால் விட்டுவிடலாம், இரண்டடி தள்ளி நின்றால் யாருக்கும் தெரியாது. சிக்கினால் குழி அடி உலோகம் வரை போயிருக்கிறது. எந்த பாலிஷும் அதை மூடாது. குரோம் நிறத்து ஸ்ப்ரே பெயின்ட் வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள், சாம்பல் நிறத்தில்தான் வரும்.

மறுமுலாம் என்று வந்துவிட்டால் ஒன்று மனதில் இருக்கட்டும்: முலாம் குழியை நிரப்பாது. முலாம் தொட்டியில் மின்சாரம் மேட்டுக்கும் விளிம்புக்கும்தான் அதிகம் ஓடும், குழியின் அடிக்குக் குறைவாகவே போகும். அதனால் பழைய குழி மேலே புதுக் குரோம் ஏறினால் குழி இன்னும் பளிச்சென்று தெரியும். நீங்கள் கொடுக்கும் காசில் பெரும்பகுதி குரோமுக்கு அல்ல, அதற்கு முந்தைய தேய்ப்புக்கும் நிரப்பலுக்கும்தான். பம்பரில் மேலோட்டமான குழியை 120, 240, 320 எமரித் தாள் என்று வரிசையாகத் தேய்த்து எடுக்கலாம். ஆழமானதைத் தேய்த்தே எடுக்கப் பார்த்தால் தகடு மெலிந்து அலை அலையாகிவிடும். அதை டிக் (TIG) வெல்டாலோ பித்தளைப் பற்றாலோ நிரப்ப வேண்டும். கார் பாடியின் நெளிவை எடுக்கும் பேனல் பீட்டர் பூசும் பாடி ஃபில்லர் இங்கே உதவாது. அது மின்சாரத்தைக் கடத்தாது, அந்த இடத்தில் முலாமே ஏறாது. நிரப்பிய பிறகு தடிமனாகச் செம்பு ஏற்றி, மேட்டைத் தேய்த்து, மறுபடி செம்பு ஏற்றுவார்கள்.

துத்தநாகம்தான் பொறுமையைச் சோதிப்பது. பழைய முலாமை உரித்ததும் லென்ஸ் வைத்துப் பார்த்து, ஒவ்வொரு குழியையும் பல் வைத்தியர் பிடிக்கிற மாதிரிச் சிறிய பர் முனையால் குடைய வேண்டும். கருப்பும் சாம்பலும் போய்க் குழியின் அடி வெள்ளி மாதிரித் தெரியும் வரை நிறுத்தக் கூடாது. ஒரு துளி அரிப்பு உள்ளே தங்கினாலும் அதே இடத்தில் கொப்புளம் திரும்ப வரும். அடுத்து சயனைடு தொட்டியில் மெல்லிய செம்பு. அமிலம் கலந்த செம்புத் தொட்டியில் நேராகப் போட்டால் துத்தநாகமே அரிபடும். அந்தச் செம்பின் மேல்தான் ஈயப்பற்று நன்றாகப் பிடிக்கும். 60/40 ஈயப்பற்று (வெள்ளீயம் 60, ஈயம் 40) 190 டிகிரிக்குள் உருகிவிடும், துத்தநாகக் கலவை உருக 380 டிகிரியாவது வேண்டும். அந்த இடைவெளியை நம்பி பர்னரைப் பிடிக்காதீர்கள், மெல்லிய முனை சட்டென்று தொய்ந்துவிடும். சால்டரிங் அயர்ன் போதும். நிரப்பி, அரத்தால் சமன்செய்து, திரும்பச் செம்பு, திரும்பத் தேய்ப்பு. ஒரு கைப்பிடிக்குக் கேட்கும் கூலி பம்பர் கூலியை நெருங்குவது இதனால்தான்.

இந்த சயனைடு, குரோமிக் அமில வேலையை வீட்டில் செய்ய நினைக்க வேண்டாம். சயனைடில் அமிலம் கலந்தால் உயிரைக் குடிக்கும் வாயு வரும். குரோமிக் அமிலத்தின் குரோமியம் புற்றுநோய் தருவது.

பீட்டிலுக்கு இன்னொரு வழியும் உண்டு. 1951 முதல் 1979 வரை உயிட்டன்ஹேகில் (இப்போது கரீகா) இங்கேயே செய்த கார் இது, புதுக் கைப்பிடி கிடைக்கும். கைப்பிடியைப் புதிதாக வாங்கி, பழைய பூட்டை மட்டும் அதில் மாற்றிக்கொள்வதே லாபம் என்பேன். பம்பர் விஷயத்தில் நேர்மாறு: மலிவான நகல் பம்பரின் தகடு மெல்லியது, பழைய தகடு வளையாமல் இருந்தால் அதற்கே மறுமுலாம் போடுங்கள்.

பட்டறையில் கேட்க வேண்டியது: நிக்கல் எத்தனை மைக்ரான்? கடலோரத்துக்கு 30க்குக் குறையக் கூடாது. அரைப் பளபளப்பு நிக்கலின் மேல் பளபளப்பு நிக்கல் என்று இரண்டு அடுக்காகப் போட்டால் இன்னும் நல்லது. செம்பு முடிந்து நிக்கல் ஏறும் முன் பார்க்க விடுவார்களா? இதைத்தான் விடாமல் பிடிக்க வேண்டும். செம்பில் தெரியும் குழி குரோமிலும் தெரியும், அந்தக் கட்டத்தில் திருப்பிக் கொடுத்தால் வேலை மிச்சம். கொடுக்கும் முன் எல்லாப் பாகத்தையும் படமெடுத்து, எண்ணிக்கை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். சின்னப் பாகங்கள் தொட்டியின் அடியில் விழுந்து காணாமல் போவது வழக்கம். எழுத்து, எம்ப்ளம் இருந்தால் விளிம்பை பஃப் செய்து மழுக்க வேண்டாம் என்று தனியாகச் சொல்லுங்கள். ஸ்பிரிங் கிளிப், உயர்பலம் கொண்ட போல்ட் இவற்றை முலாம் போட்ட சில மணி நேரத்துக்குள் 190, 200 டிகிரியில் நான்கு மணி நேரமாவது சூடேற்ற வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே புகுந்த ஹைட்ரஜன், முறுக்கும்போது அதை உடைத்துவிடும்.

பம்பர் திரும்பி வந்ததும் உடனே மாட்டாதீர்கள். பின்பக்கத்தில் நிக்கல் பெயருக்குத்தான் ஏறியிருக்கும், அடுத்த துரு அங்கிருந்துதான் கிளம்பும். பின்பக்கத்தை 320 தாளால் சொரசொரப்பாக்கி, எபாக்ஸி பிரைமர் இரண்டு கோட் அடித்துக் காயவிட்டு, போல்ட்டுக்கு அடியில் நைலான் வாஷர் வைத்து மாட்டுங்கள். கடற்கரைக்கு ஓட்டிப்போன நாளில் வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரால் பம்பரின் உள்பக்கத்தையும் சேர்த்து அலசிவிடுங்கள்.