பராமரிப்புச் சந்தா முடிந்தால் மென்பொருள் போய்விடுமா?

கேள்வி: எங்கள் கட்டட வரைபட அலுவலகத்தில் ஆட்டோகேட் 2016 என்ற வரைபட மென்பொருள் நிரந்தர உரிமத்துடன் உள்ளது. பராமரிப்புச் சந்தா நின்ற பிறகும் அதைப் பயன்படுத்தலாமா? வாடிக்கையாளர்கள் அனுப்பும் புதிய கோப்புகள் அதில் திறப்பதில்லை.
– வாசகர், அல்சூர், பெங்களூரு

பதில்: தாராளமாகப் பயன்படுத்தலாம். சந்தாவோடு நிற்பவை புதிய பதிப்புகளும் தொழில்நுட்ப உதவியுமே தவிர, நீங்கள் விலை கொடுத்து வாங்கிய உரிமம் அன்று. ஆட்டோகேடைத் தயாரிக்கும் ஆட்டோடெஸ்க் நிறுவனம் 2016இல் நிரந்தர உரிம விற்பனையையும் 2021இல் பராமரிப்புத் திட்டத்தையும் நிறுத்திவிட்டதால், அச்சந்தாவை இனிப் புதுப்பிக்க வழியில்லை. ஆட்டோகேட் 2018இல், வரைபடங்களைச் சேமிக்கும் டிடபிள்யூஜி (DWG) கோப்பு வடிவம் மாறியதே உங்கள் சிக்கலுக்குக் காரணமாக இருக்கும்; அந்நிறுவனமே இலவசமாகத் தரும் டிடபிள்யூஜி ட்ரூவியூ (DWG TrueView) என்ற மென்பொருளைக் கொண்டு அக்கோப்புகளைப் பழைய வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். புதிய பதிப்புக்கான ஆண்டுச் சந்தாவுக்குப் பணம் கட்டுமுன் இதை முயன்று பார்ப்பதே முறை என்பது என் உறுதியான கருத்து. உரிமத்தின் வரிசை எண்ணையும் நிறுவல் கோப்புகளையும் பத்திரப்படுத்தி வையுங்கள்.