யாருக்காக இந்த லேப்டாப் பை?

கேள்வி: ஐ.டி. கம்பெனியில் 14 வருடம் வேலை பார்த்தேன். வயது 41. இரண்டு மாதத்துக்கு முன் ஹெச்.ஆர். அறைக்குக் கூப்பிட்டு, "நீங்களே ராஜினாமா கொடுத்தால் மூன்று மாதச் சம்பளம், நல்ல ரிலீவிங் லெட்டர். இல்லையென்றால் டெர்மினேஷன்" என்றார்கள். எழுதிக் கொடுத்துவிட்டேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. தினமும் பையோடு கிளம்பி, கோட்டூர்புரம் நூலகத்தில் உட்கார்ந்து வேலைக்கு அப்ளை செய்கிறேன். வேறு வேலை கிடைத்த பிறகு மனைவியிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். அம்மா எங்களோடு இருக்கிறார், மகள் எட்டாவது படிக்கிறாள். நான் செய்வது சரிதானே?

- பெயர் வேண்டாம், மேடவாக்கம்

பதில்: சரியில்லை. 'சரியா' என்று கேட்காமல் 'சரிதானே' என்று கேட்டிருக்கிறீர்களே, அதிலேயே உங்களுக்கும் தெரிந்திருக்கிறது.

இன்று பகல் இரண்டு மணிக்கு அம்மாவுக்கு நெஞ்சு வலிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் மனைவி ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறார். கவுன்டரில் கம்பெனி தந்த இன்ஷூரன்ஸ் கார்டை நீட்டுகிறார். அந்த மாதிரி கார்டெல்லாம் பெரும்பாலும் கடைசி வேலை நாளோடு செத்துவிடும். உங்களுக்கு வேலை போன சேதியை அவருக்கு முதலில் சொல்லப்போவது பில்லிங் கவுன்டரில் இருக்கும் யாரோ ஒரு பெண். இதற்கா இத்தனை பாடு?

நான் கோவையில் வளர்ந்தவன். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு பஞ்சாலையில் ஃபிட்டர். மில்லில் கதவடைப்பு. அவர் உங்களைப் போலவேதான், காலை ஷிப்டுக்குத் தூக்குவாளியோடு கிளம்பி, மூன்று மணிக்கு மேல் திரும்பி வருவார். நடுவில் எங்கே இருந்தார் என்பது கடைசி வரை எங்களுக்குத் தெரியாது. மூன்றாம் வாரம் அந்த அக்கா கண்டுபிடித்துவிட்டார். யாரும் போட்டுக்கொடுக்கவில்லை. துணி துவைக்கும்போது சட்டையில் பஞ்சு இல்லை. பதினைந்து வருடமாகத் தலைமுடியிலும் காலர் மடிப்பிலும் பஞ்சோடு வந்த மனுஷன், திடீரென்று சுத்தமாக வருகிறார். அக்கா ஒரு நாள் அழுதார். மறுநாள் கணபதியில் இருந்த தன் அண்ணனைப் போய்ப் பார்த்தார். அந்த அண்ணனுக்குத் தெரிந்த பம்ப் செட் பட்டறையில் பத்து நாளில் வேலை. சம்பளம் குறைவுதான். ஆனால் மூன்று வாரம் ஊரைச் சுற்றியவருக்குக் கிடைக்காதது, வீட்டுக்குத் தெரிந்த பத்தாம் நாள் கிடைத்தது.

ஐ.டி.யில் மட்டும் வேறென்ன நடக்கிறது? தெரிந்தவர் சொல்லி வேலை கிடைப்பதுதான், பெயர்தான் 'ரெஃபரல்'. உங்களோடு வேலை பார்த்துவிட்டு இன்று வேறு கம்பெனிகளில் இருப்பவர்கள் நாற்பது பேராவது தேறுவார்கள். அவர்களில் எத்தனை பேரிடம் பேசினீர்கள்? மனைவி காதுக்குப் போய்விடும் என்று ஒருவரிடமும் பேசியிருக்க மாட்டீர்கள். அதனால்தான் முகம் தெரியாத வெப்சைட்டில் நூறு பேரோடு நூற்றியோராவது ஆளாக ரெஸ்யூமைப் போட்டுவிட்டு, போனையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

இன்னொன்று கேட்கிறேன், கோபிக்காதீர்கள். ரெஸ்யூமிலும் இன்னும் அதே கம்பெனியில் இருப்பதாகத்தானே போட்டிருக்கிறீர்கள்? பி.எஃப். உறுப்பினருக்குத் தரும் யு.ஏ.என். எண்ணை வைத்துப் பார்த்தால் நீங்கள் வெளியே வந்த தேதி பி.எஃப். கணக்கில் இருக்கும். மாட்டிக்கொண்டால் ஆஃபர் லெட்டர் வந்த பிறகும் வேலை போகும். மறைக்க வேண்டிய அவசியமும் இல்லை. ராஜினாமா கொடுத்த பிறகும் 90 நாள் பழைய கம்பெனியிலேயே வேலை பார்க்க வேண்டும் என்ற நோட்டீஸ் பீரியட் வழக்கத்தால், தேர்ந்தெடுத்த ஆள் அந்த மூன்று மாதத்துக்குள் வேறு ஆஃபரைக் காட்டி நழுவிவிடுகிறான் என்பது ஆள் எடுப்பவர்களின் தீராத தலைவலி. திங்கட்கிழமையே வந்து சேருகிறேன் என்று சொல்லக்கூடிய ஆளுக்குத் தனி மரியாதை உண்டு. 'இமீடியட் ஜாய்னர்' என்று முதல் வரியில் போடுங்கள். ஏன் வெளியே வந்தீர்கள் என்று கேட்டால், "ஆட்குறைப்பு" என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள். 2025 ஜூலையில் டி.சி.எஸ். ஒரே அறிவிப்பில் சுமார் 12,000 பேரைக் குறைக்கப்போவதாகச் சொன்னது. அதிலும் நடுமட்டத்திலும் மேல்மட்டத்திலும் இருப்பவர்களைத்தான் அதிகம் என்றது. நேர்காணல் எடுப்பவருக்கு இதெல்லாம் தெரியாதா?

ராஜினாமா விஷயத்தில் நீங்கள் அவசரப்பட்டுவிட்டீர்கள். 2015 ஜனவரியில் டி.சி.எஸ்.ஸின் கர்ப்பிணி ஊழியர் ஒருவருடைய பணிநீக்கத்துக்குச் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. பிறகு கம்பெனியே அந்தப் பணிநீக்க உத்தரவைத் திரும்பப் பெற்றது. எதிர்த்து வழக்குப் போட அவர் கையில் பணிநீக்கக் கடிதம் இருந்தது. உங்கள் கையெழுத்தில் இருப்பதோ 'சொந்தக் காரணங்களுக்காக'. மிரட்டி வாங்கிய ராஜினாமா என்று இப்போதும் வாதாடலாம். அன்றைய மெயில், மெசேஜ் ஏதாவது இருந்தால் எடுத்துக்கொண்டு தொழிலாளர் சட்டம் தெரிந்த வக்கீலைப் பாருங்கள். 'மேனேஜர்' என்று கார்டில் போட்டிருந்தாலே தொழிலாளி இல்லை என்று ஆகிவிடாது. என்ன வேலை பார்த்தீர்கள் என்பதைத்தான் சட்டம் பார்க்கும்.

கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை, வந்துவிட்டதா? கேள்வியில் அதைப் பற்றி மூச்சே இல்லை. ராஜினாமா செய்தாலும் ஐந்து வருடம் தாண்டியவருக்கு அது உண்டு. அடிப்படைச் சம்பளம் 50,000 என்றால் அதை 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, 14 வருடத்தால் பெருக்குங்கள். நான்கு லட்சத்துக்கு மேல் வருகிறது. 30 நாளுக்குள் தந்திருக்க வேண்டும். தரவில்லையென்றால் வட்டியோடு கேளுங்கள். அதில் முதல் செலவாக அம்மாவையும் சேர்த்து ஒரு மெடிக்ளைம் எடுத்துவிடுங்கள். பழைய குரூப் பாலிசி எந்தக் கம்பெனியுடையதோ, அங்கேயே தனி பாலிசியாக மாற்ற முடியுமா என்று இன்றைக்கே கேளுங்கள். முடிந்தால், ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு க்ளைம் கிடைக்கக் காத்திருக்க வேண்டிய காலம் மறுபடி முதலிலிருந்து தொடங்காது. வீட்டுக் கடன் இருந்தால் ஒரு தவணைகூடத் தவறுவதற்கு முன்பே பாங்க் மேனேஜரைப் போய்ப் பாருங்கள். வேலை வாங்கித்தர டெபாசிட் கட்டச் சொல்பவன் திருடன். அதற்கு மேல் அவனைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

மூன்று மாதச் சம்பளத்தில் இரண்டு மாதம் தீர்ந்தாயிற்று. அதை மாதாமாதம் சம்பளம் போலவே வீட்டுக்குக் கொடுத்து, அவர்களும் வழக்கம்போலவே செலவு செய்திருப்பார்கள். உண்மை தெரிந்திருந்தால் உங்கள் மனைவி அதே பணத்தை நான்கு மாதத்துக்கு இழுத்திருப்பார்.

இன்று ராத்திரி மகள் தூங்கிய பிறகு மனைவியிடம் சொல்லுங்கள். அவருக்குக் கோபம் வரும். வேலை போனதற்கு அல்ல, இரண்டு மாதம் கட்டிக் கொடுத்த டிபன் பாக்ஸுக்கு. வாங்கிக்கொள்ளுங்கள். மகளிடம் ஞாயிற்றுக்கிழமை நீங்களே சொல்லுங்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளை பொருளாதார மந்தம் பற்றியெல்லாம் கேட்காது. டியூஷனை நிறுத்தப்போகிறீர்களா, ஸ்கூல் மாற்றுவீர்களா என்று இரண்டே கேள்விதான் கேட்கும். அதற்கான பதிலை மனைவியோடு உட்கார்ந்து சனிக்கிழமையே முடிவு செய்துவிடுங்கள்.